பெலவேந்திரர் நின்ற வீடு

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில், புன்னைத்துறைக் கோயிலில் மணி அடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, பீடத்துப் பூ மாற்றுவது என்று மெலிஞ்சி வேலையே கதியாகக் கிடக்கிற தொபியாஸ், ஒரு வருசத் தூசியைத் துடைப்பதற்காக ஏணி வைத்து ஏறி, பெலவேந்திரர் சுரூபத்துக்கு முன்னால் தொங்கின திரையை விலக்கியபோது, பெலவேந்திரர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கஸ்பாரின் முகம் இருந்தது. தொபியாஸ் இறங்கி வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஏறிப் பார்த்தார். இடது புருவத்தை இரண்டாக வெட்டியிருக்கும் தழும்பு, மேல்வரிசையில் ஒரு பல் விழுந்த இடம், எப்போதும் எதையோ சொல்ல வருகிற மாதிரி லேசாகத் திறந்திருக்கும் வாய், எல்லாம் அவனுடையதுதான். "சரி, அவந்தான்" என்று சொல்லிக்கொண்டு துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினார். மறுநாள் கொடியேற்றம், முகம் யாருடையதாக இருந்தால் என்ன, தூசி தூசிதானே.

பெலவேந்திரர் யார் என்று கேட்கிறவர்களும் இருப்பீர்கள். வேதப்புத்தகத்தில் அந்திரேயா என்று போட்டிருக்கும். சீடர்களுக்குத் தலைவரான இராயப்பரோடு கூடப்பிறந்தவர், கடல்தொழில் பார்த்தவர், வலையை அப்படியே போட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் நடந்தவர், பெருக்கல் குறி மாதிரிச் சாய்ந்து கிடக்கிற சிலுவையில் உயிரை விட்டவர். கடல் கடந்து எங்கேயோ ஸ்காட்லாந்து என்று ஒரு குளிர் தேசம் இருக்கிறதாம், அந்தத் தேசம் முழுமைக்கும் இவர்தான் பாதுகாவலராம், தேசத்துக் கொடியிலேயே இவருடைய சிலுவையைப் போட்டிருக்கிறார்களாம், அவர்களும் இதே கார்த்திகையில் இதே நாளில்தான் திருவிழா எடுப்பார்களாம் என்று பங்குச்சாமி ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லப்போக, அதிலிருந்து புன்னைத்துறைக்காரர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை, ஏதோ அந்தத் தேசத்தோடு சம்பந்தம் பண்ணிக்கொண்ட மாதிரி. அதனால்தான் முகம் மாறின சேதி தெரிந்ததும் ஊர்த்தலைவர் இன்னாசி முதல் வேலையாகப் பங்குச்சாமியிடம் போய், "சாமி, அந்தத் தேசத்துலயும் இப்ப கஸ்பார் மூஞ்சிதானா?" என்று கேட்டார். பங்குச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, சுரூபத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "தெரியலயே" என்றார். பிறகு பூசைக்கு நேரமாகிவிட்டது.

கஸ்பார் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் ஊருக்கு உழைக்கப் பிறந்தவன். யார் வீட்டு எஞ்சின் மக்கர் பண்ணினாலும் கஸ்பார், யார் வலை கிழிந்தாலும் கஸ்பார், யார் கிணற்றில் வாளி விழுந்தாலும் கஸ்பார், யார் கூரையில் ஓடு உடைந்தாலும் ஏறி மாற்றுவதற்குக் கஸ்பார், கல்யாண வீட்டில் பந்தல்கால் நடவும் துட்டி வீட்டில் குழி வெட்டவும் கஸ்பார். சொந்த வீட்டில் மட்டும் அடுக்களைக்கு மேலே ஓடு விலகி, போன மழைக்கு முந்தின மழையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் பெண்சாதி செலஸ்தீனா கேட்கும்போதெல்லாம் "நாளைக்குப் பாக்கேன்" என்பான். சாப்பிட உட்கார்ந்து முதல் பிடி வாய்க்குப் போகிறதற்குள் வாசலில் யாராவது "எல கஸ்பாரு" என்று குரல் கொடுப்பார்கள், கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விடுவான். அவள் மீன்குழம்பை மூடி வைத்துவிட்டு, ஒழுகுகிற இடத்துக்கு வாளியை நகர்த்தி வைப்பாள். ஆறு வருசக் குடித்தனம் இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

ஆவணியில் ஒரு விடியற்காலை, அவன் தெருவின் கடைசி வீட்டுக்காரர் சூசையா காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தார். முந்தின நாள் அவர் கடலில் விட்டுவிட்டு வந்த நண்டு வலை அங்கேயே கிடந்தது. அன்றைக்கே எடுக்காவிட்டால் நண்டும் போய் வலையும் போய்விடும். "அண்ணன் படுங்க, நான் எடுத்துட்டு வந்துருதேன்" என்று கஸ்பார் தூக்குச்சட்டியோடு சூசையாவின் வள்ளத்தில் தனியாளாகப் போனான். சாயங்காலம் வள்ளம் மட்டும் வந்தது. பாதி வலை உள்ளே, பாதி வலை வெளியே, தூக்குச்சட்டியில் சோறு தொடாமல் அப்படியே. ஊரே திரண்டு தேடியது, ஒரு துணி கூடக் கிடைக்கவில்லை. சில நாள் கழித்துத் தொபியாஸ் துக்கமணி அடிக்கப் போனபோது செலஸ்தீனா கோயில் வாசலில் குறுக்கே நின்று, "ஒடம்பு வந்தாச்சா? வரல்லலா? வந்த பொறவு அடிங்க" என்று சொல்லிவிட்டாள். அதோடு மணியும் அடிக்கவில்லை, துக்கப்பூசையும் வைக்கவில்லை. அவள் தாலியும் கழற்றவில்லை, பூ வைப்பதையும் விடவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்க்கவில்லை. சூசையாவுக்குக் காய்ச்சல் விட்டது, ஆனால் மனுசன் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். அவர் பெண்சாதி மரியதங்கமும் செலஸ்தீனாவும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆக, முகம் மாறின சேதியைச் செலஸ்தீனாவிடம் சொல்வதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் தொபியாஸே போனார். "தாயி, ஒரு எட்டு கோயிலுக்கு வா. ஒன் மாப்பிள்ள வந்துருக்கான்" என்றார். அவள் அடுப்பை அணைக்காமலே ஓடினாள்.

ஊர் விலகி வழிவிட்டது. அவள் பீடத்துக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பெலவேந்திரரின் பச்சை அங்கி, பெலவேந்திரரின் சிலுவை, பெலவேந்திரரின் கையில் மரத்தில் செதுக்கின மீன், அதற்கு மேலே அவள் புருசன் முகம். தாடி கூட லேசாக முளைத்திருந்தது.

"ஏங்க" என்றாள். "எங்க இருக்கிய?"

இன்னும் ஒரு எட்டு கிட்டப் போனாள்.

"உசுரோட இருக்கியளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

 திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அவள் பொழுது சாய்கிறவரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுப்பில் வைத்திருந்த குழம்பு அடிப்பிடித்துக் கரியாகிக் கிடந்தது.

ஊருக்கு இதெல்லாம் பழக எத்தனை நேரமாகும்? முதல் நாள் கூச்சமாகத்தான் இருந்தது. சின்ன வயசில் தன் மாமரத்தில் கல் எறிந்தவனுக்கு முன்னால் எப்படி முழந்தாளிடுவது என்று இன்னாசிக்கு ஒரே சங்கடம். டவுனிலிருந்து பெயின்டரைக் கூட்டிவந்து பழைய முகத்தை எழுதச் சொன்னார்கள். அவன் பூசின வர்ணம் அங்கியில் பிடித்தது, சிலுவையில் பிடித்தது, முகத்தில் மட்டும் வியர்வை மாதிரி வழிந்து இறங்கிவிட்டது. பெயின்டர் சாயங்காலம்வரை முயன்று பார்த்துவிட்டு, போகிறபோக்கில் புருவத்துத் தழும்பை இன்னும் கொஞ்சம் திருத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். தாடி நாளுக்கு நாள் வளர்ந்ததால், திருவிழாவுக்குப் பெலவேந்திரர் சவரம் செய்யாமல் நிற்பதா என்று கேள்வி வந்து, சலூன்காரர் ஏணியில் ஏறி, "தலையச் சாய்க்காதியும்" என்று பழக்கதோசத்தில் சொல்லிக்கொண்டே வழித்துவிட்டார். நவநாள் பூசைக்கு வந்தவர்கள் "எல கஸ்பாரு" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கிடும், பெலவேந்திரரே" என்று முடித்தார்கள். இரண்டு மூன்று நாளில் நாக்கைக் கடிப்பதும் நின்றுபோயிற்று.

கேட்டதெல்லாம் கிடைத்தது என்பதுதான் விசேசம். இன்னாசியின் எஞ்சின் இழுத்த இழுப்புக்கு ஸ்டார்ட் ஆனது. கிணற்றில் விழுந்து போன மோதிரம் வாளியோடு மேலே வந்தது. மாப்பிள்ளை தகையாமல் கிடந்த பெண்ணைப் பார்க்க மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. கிழிந்த வலையைக் கோயில் முற்றத்தில் போட்டுவிட்டுப் போனால், காலையில் முடிச்சுக்கூடக் கஸ்பார் போடும் முடிச்சாகவே விழுந்து தைத்துக் கிடந்தது. வெளியூர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். "எங்க கஸ்பாரு செய்வான்" என்று ஊர்க்காரர்கள் அவர்களுக்கு வழி காட்டினார்கள்.

செலஸ்தீனாவும் தினமும் போனாள். கூட்டம் நெருக்கியடித்ததால் அவளும் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. தன் முறை வரும்போது அதே கேள்வியைக் கேட்டாள், உசுரோடு இருக்கியளா இல்லையா, ஒரு கண்ணையாவது சிமிட்டுங்க என்றாள், பின்னால் நிற்கிறவர்கள் "கொஞ்சம் நகரு தாயி" என்கிறவரை நின்றாள். பாவி மனுசன் சிமிட்டவில்லை. ஊருக்கெல்லாம் செய்கிறான், பெண்டாட்டி கேட்டால் மட்டும் வாயைத் திறந்தபடி நிற்கிறான். ஒரு நாள் அவளுக்கு ஆத்திரம் தாங்காமல், கோயில் என்றும் பார்க்காமல், "அப்பவும் இப்படித்தான், இப்பவும் இப்படித்தான். நாளைக்குப் பாக்கேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்து வச்சிருக்கியளோ?" என்று கத்திவிட்டாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்காக வேண்டிக்கொள்ளலாம் என்றால், என்ன வேண்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்படியிருக்க, திருவிழாவுக்கு முந்தின நாள் இன்னாசியும் கமிட்டி ஆட்களும் செலஸ்தீனா வீட்டுக்கு வந்தார்கள். புன்னைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாப் பூசையும் அசனச் சாப்பாடும் முடிந்த பிறகு பெலவேந்திரர் சப்பரத்தில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வாசலில் மெழுகுதிரி கொளுத்திக் கதவைத் திறந்து வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் சப்பரம் நிற்கும், வீட்டுக்காரர்கள் உப்பும் மிளகும் போட்டுக் கும்பிடுவார்கள். அந்த வருசத்தில் சாவு விழுந்த வீடு மட்டும் திரியை அணைத்துக் கதவைச் சாத்திவிடும், சப்பரம் அங்கே நிற்காமல் கடந்துபோகும். கிளம்பின சப்பரம் கோயிலுக்குத் திரும்புகிறவரை தரையில் இறங்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது. சப்பரம் கோயில் சேராமல் கொடி இறங்காது, கொடி இறங்காமல் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது.

"செலஸ்தி, ஒரு பேச்சு" என்றார் இன்னாசி. "நாளைக்கு ஒன் வீட்டுக் கதவு தொறந்திருக்குமா, சாத்தியிருக்குமா?"

"தொறந்திருக்கும்."

"சப்பரத்துல வாறது அவன் மொகமுல்லா?"

"அதுக்கு?"

"செத்தவன்தான தாயி புனிதராவான்? உசுரோட இருக்கவன் பீடத்துல எப்படி நிப்பான்? நீயே யோசிச்சுப் பாரு."

"எஞ்சினு ஓடணும்னு மண்டி போட்டு வேண்டுனியளே மாமா, அப்ப செத்தவருகிட்டயா கேட்டிய?"

இன்னாசி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஓடு விலகிய இடத்தில் வானம் தெரிந்தது. கஸ்பாரைக் கொன்றவர்களாகிவிட யாருக்கும் மனசில்லை. நிற்க வேண்டிய இடத்தில் சப்பரம் தானாகக் கனத்து நிற்கும், போக வேண்டிய இடத்தில் தானாக லேசாகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. "சரி, தூக்குற பயலுவ தோளுக்குத் தெரியும். அது நின்னா நிக்கட்டும், போனாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னாசி படியிறங்கினார். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை, நின்றால் உயிரோடு இருக்கிறார், கடந்து போனால் இல்லை, இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

திருவிழா அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. பூசை முடிந்தது, அசனம் முடிந்தது, ஆட்டுக்கறி வாசம் தெருவெல்லாம் நிற்க, வெடிச்சத்தத்தோடும் பேண்டு வாத்தியத்தோடும் சப்பரம் கிளம்பியது. பூக்களுக்கு நடுவில் கஸ்பார் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வந்தான். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் தண்டு தோளில் கனத்தது, உப்பு விழுந்ததும் லேசானது, கூட்டம் "புனித பெலவேந்திரரே" என்றது, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. அப்படியே வந்து வந்து கடைசித் தெருவுக்குள் திரும்பியது. செலஸ்தீனா குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாசலில் மெழுகுதிரி கொளுத்தி, ஓலைக் கொட்டானில் உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு நின்றாள். கொட்டானை இடுப்புக்கும் கைக்கும் மாற்றி மாற்றி வைத்ததில் உப்பு பாதி காலடியிலேயே சிந்தியது.

சப்பரம் அவள் வீட்டுக்கு நேராக வந்தது. தூக்கின பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு, கடந்து போய்விடுவோம் என்று காலை எட்டி வைத்தார்கள். வைத்த கால் அப்படியே மணலில் பதிந்தது. தண்டு தோளை அமுக்கியது, சப்பரம் தானாகத் திரும்பி வீட்டைப் பார்த்து நின்றது. பேண்டு வாத்தியம் ஒரு கணம் நின்று போய், பிறகு இரண்டு மடங்காக முழங்கியது. "நின்னுட்டாரு! நின்னுட்டாரு!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. செலஸ்தீனா கூட்டத்தில் இன்னாசியைத் தேடிக் கண்டுபிடித்து, பாத்தியளா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உப்பையும் மிளகையும் அள்ளிப் போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உப்பு விழுந்ததும் லேசாக வேண்டிய சப்பரம் லேசாகவில்லை.

அவள் இன்னும் ஒரு கை போட்டாள். கொட்டானோடு கவிழ்த்தாள். எதிர்வீட்டிலிருந்து உப்பு வந்தது, அடுத்த தெருவிலிருந்து ஒரு சட்டி நிறைய உப்பு வந்தது. சப்பரத்துக்கு அடியில் உப்பு வெள்ளையாகக் குவிந்தது, கனம் மட்டும் இறங்கவில்லை. தோள் மாற்றினார்கள். ஆள் மாற்றினார்கள். தண்டுக்கு இரண்டு பேர் நின்ற இடத்தில் நான்கு பேர் நின்றார்கள். பங்குச்சாமி தீர்த்தம் தெளித்தார், செபம் சொன்னார், மறுபடியும் தெளித்தார், பிறகு தீர்த்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "எல கஸ்பாரு, நகருல, பிள்ளையளு சாவுதுவ" என்று இன்னாசி கெஞ்சினார். தோல் உரிந்து சட்டையில் ரத்தம் கசிந்தது, கால்கள் கணுக்கால்வரை மணலில் புதைந்தன. இறக்கி வைக்கவும் முடியாது, திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. மேற்கே இடி உருண்டது. பெண்கள் செபமாலையைச் சத்தமாகச் சொன்னார்கள், சிலபேர் சொல்லிக்கொண்டே அழுதார்கள்.

செலஸ்தீனா அவன் முகத்தைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாக, திறந்த கதவு வழியாக, வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அடுக்களைப் பக்கம். வேலை முடிந்து பசியோடு வந்து, சோறு ஆச்சா என்று எட்டிப் பார்க்கிற மனுசன் முகம். ஆறு வருசத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யார் கூப்பிட்டாலும் போகாமல் வீட்டில் இருங்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள்? இன்றைக்கு ஊரே கூப்பிடுகிறது, சாமி கூப்பிடுகிறார், பேண்டு வாத்தியம் கூப்பிடுகிறது, மனுசன் அசையவில்லை. கொஞ்ச நேரம் அவளுக்கு அந்தப் பிள்ளைகளின் தோளில் வடிகிற ரத்தம்கூடக் கண்ணில் படவில்லை, அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு.

பிறகுதான் ஊர் அமைதியாகிவிட்டதைக் கவனித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவள் பார்த்ததும் மணலைப் பார்த்தார்கள். சப்பரம் எப்போது நகரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கதவு திறந்திருக்கிறவரை அவன் போக மாட்டான். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்னாசி சொல்லவில்லை, பங்குச்சாமி சொல்லவில்லை. சொல்கிற தைரியம் அந்த ஊரில் எவருக்கும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மரியதங்கம் வந்தாள். கையில் உப்புக் கொட்டான். வந்தவள் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"செலஸ்தி" என்றாள்.  கொட்டானை மாரோடு அணைத்துக்கொண்டு, "ஒங்க அண்ணன் எந்திரிச்சுட்டாவ. கஸ்பாரு வாறான்னு சத்தங் கேட்டு, செவரப் புடிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து ஒக்காந்துருக்காவ. விழுந்துருவாவளோன்னு பயமா இருக்கு" என்றாள். "நான் ஒன்னும் கேக்கல தாயி. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்."

செலஸ்தீனா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதிர்வரிசையில், கடைசி வீட்டு வாசலில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில், எலும்பும் தோலுமாகச் சூசையா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி சப்பரத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கஸ்பாரின் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

அவள் சப்பரத்துக்குக் கிட்டப் போனாள். தூக்கினவர்களின் மூச்சு அனலாக அடித்தது. அண்ணாந்து, வீட்டுக்குள் பேசுகிற குரலில், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிறபடி பேசினாள்.

"ஏங்க. ஒரு நாளாவது வீட்டுல இருங்கன்னு சொன்னேம்லா. இருந்துட்டிய. அது போதும் எனக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் என்னைக்காவது ஒங்களப் போங்கன்னு சொல்லிருக்கனா? இன்னைக்குச் சொல்லுதேன். சூசையாண்ணன் காத்துக்கிட்டு இருக்காவ. போங்க. பாத்துப் போங்க."

எதற்கோ காத்துக்கொண்டு நின்றாள். முகம் வழக்கம்போல எதையோ சொல்ல வருகிற மாதிரியே இருந்தது. அவள் தலையிலிருந்த பூவை எடுத்துச் சப்பரத்துத் தண்டில் வைத்தாள். திரும்பி வந்து வாசலில் குனிந்து, மெழுகுதிரியை ஊதினாள். முதல் ஊதலில் அணையவில்லை. இரண்டாவது ஊதலில் அணைந்தது. உள்ளே போய் ஒரு கதவைச் சாத்தினாள், மறு கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே யாரோ "ஆண்டவரே" என்றார்கள். பிறகு மணலிலிருந்து கால்களைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. "தூக்கு, தூக்கு, பூ மாதிரி வருது" என்று ஒருவன் அழுகையோடு சொன்னான். இருட்டில் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டாள். சப்பரம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததைக் கேட்டாள், அங்கே நின்றதைக் கேட்டாள், "எல கஸ்பாரு, என்னய மன்னிச்சிருல" என்று சூசையா நெஞ்சு வெடிக்கக் கதறினதைக் கேட்டாள். அந்தக் கதறல் அடங்கினதும் கூட்டத்திலிருந்து ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. முகம் மாறிட்டு, பழைய முகம் வந்துட்டு, பெலவேந்திரரு வந்துட்டாரு என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோயிலிலிருந்து மணி கேட்டது. ஒன்று. நின்று, இன்னொன்று. தொபியாஸிடம் யாரும் சொல்லவில்லை, அவராகவே துக்கமணி அடித்தார்.

மழை பிடித்துக்கொண்டது. அடுக்களையில் வழக்கமான இடத்தில் வழக்கம்போலச் சொட்டியது. அவள் பழக்கத்தில் வாளியை எடுத்து வைத்தாள், தண்ணீர் வாளிக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள், அண்ணாந்து ஓடு விலகின இடத்தைப் பார்த்தாள். "நாளைக்குப் பாக்கேன்னியளே" என்றாள். சொன்னதும் அப்படியே உட்கார்ந்து, ஆவணியிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பெருங்குரலெடுத்து ஒப்பாரி வைத்தாள்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் ஊர்ப் பெண்கள் இத்தனை நாளாகக் காத்திருந்தார்கள். சப்பரத்தை ஆண்களோடு விட்டுவிட்டு, திருவிழாச் சேலை நனைய நனைய ஒவ்வொருத்தியாக வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் வந்தது மரியதங்கம், கொட்டானில் பாதி உப்பு அப்படியே இருந்தது. தாழ்ப்பாளைத் திறந்த செலஸ்தீனாவைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வாளி நிறைந்தபோது ஒருத்தி எழுந்து போய் வெளியே கொட்டிவிட்டு வந்தாள், மறுபடி நிறைந்தபோது இன்னொருத்தி போனாள். மழை விட்டதும் முதல் வேலையாக அந்த ஓட்டை மாற்றிவிட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். யாரைக் கூப்பிடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் ஓடு மாற்ற இதுவரைக்கும் கஸ்பாரைத்தான் கூப்பிடுவார்கள்.